திருநெல்வேலியிலிருந்து அச்சுவேலிக்கு ஒரு போத்தல் சோடியம்

கம்பஸ் ஆய்வுகூடத்திலிருந்து இரசாயனப் போத்தல்களை வான் வண்டியில் ஏற்றிப்போக வேண்டும், அனுபவம் உண்டா என்று ஒரு தம்பி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். உண்டு. ஒரேயொரு தடவை. நான் எஸ்.எஸ்.சி.யை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

1992 ஐப்பசி. ஷெல் விழுந்ததில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகக் கம்பஸின் இரசாயனக் களஞ்சியத்துக் கூரை ஓடு உடைந்து ஒழுகியது. தண்ணீர் படக் கூடாத சாமான்களை மாரி தொடங்கமுன் அச்சுவேலியில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். அதில் ஒரு போத்தல் சோடியம் இருந்தது. என் மகள் எமில்டா இறுதி வருடப் பரிசோதனையை அதை வைத்துத்தான் செய்ய வேண்டும். பொருளாதாரத் தடையில் இன்னொரு போத்தல் வராது. சண்டையால் அவளுடைய படிப்பு ஏற்கெனவே மூன்று வருடம் பிந்தியிருந்தது. அது கெட்டால் பட்டமும் இல்லை.

“கார் ஒண்டு வேணும், அப்பா” என்றாள்.

என்னிடம் வாடகைக்கு ஓடும் பழைய ஏ-நாற்பது கார் இருந்தது. அதன் கூரையும் ஒழுகும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

காலை 6.15க்கு அரியாலையிலிருந்து வெளிக்கிட்டேன். அப்போது பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. மருந்துக் குப்பியில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளியை காபரேற்றரில் விட்டுக் காரை உயிர்ப்பிப்போம். பிறகு அது மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். அளவாய் எடுத்து வைத்த மண்ணெண்ணெயில் அரைப் போத்தலை மனைவி விளக்குக்கு எடுத்திருந்தாள். எனக்குத் தெரியாது.

கம்பஸில் போத்தல்கள் உடையாமலிருக்க வைக்கோல் கொண்டுபோயிருந்தேன். மகள் அதைக் கண்டதும் வெளியே எறிந்தாள். “அசிட் சிந்தினால் வைக்கோல் பத்தும், அப்பா. காய்ஞ்ச மணல்தான் வேணும்.” அசிட் போத்தல்கள் ஒரு மரப்பெட்டியில், சோடியம் தனியாக இன்னொரு பெட்டியில், இரண்டுக்கும் கழுத்துவரை மணல். ஏற்றி முடிய 7.40.

இருபாலை, கோப்பாய், நீர்வேலி வரை மணிக்குப் பத்து மைல் வேகம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு குழிக்கும் நான் மூச்சைப் பிடித்தேன், காரும் பிடித்தது. 8.35க்குச் சிறுப்பிட்டியில் அது மூச்சை விடவேயில்லை. தாங்கியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அச்சுவேலிக்கு இன்னும் மூன்று மைல் கட்டை.

“நான் அந்த வீட்டிலை கேட்டுப் பாக்கிறன். நீங்கள் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிப் போனாள்.

நான் கை வைத்தேன். இருந்த இடத்தில் இருக்கும் சுபாவம் எனக்கில்லை. காரைச் சுற்றினேன், வானத்தைப் பார்த்தேன், பிறகு மணலில் நின்ற போத்தலைப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணந்தது! உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் துண்டுகள் போல ஏதோ கட்டிகள் அடியில் கிடக்க, மேலே முக்கால் போத்தல் நல்ல மண்ணெண்ணெய். நாடே ஒரு சொட்டுக்கு அலைய, படித்தவர்கள் சவர்க்காரத்தை ஊறப்போட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு பேணியில் பாதிக்கு மேல் சரித்து ஊற்றினேன். அதோடு கடலையளவு துண்டு ஒன்று வழுகித் தெருவில் விழுந்தது. முதல்நாள் மழைத் தண்ணீர் அங்கே தேங்கி நின்றது.

அது சீறியது. மஞ்சள் நெருப்போடு தண்ணீருக்கு மேல் அங்குமிங்கும் ஓடி, பட்டென்று வெடித்தது. பேணி என் கையிலிருந்து பறந்து வாய்க்காலுக்குள் போனது.

“மூடுங்கோ அப்பா! மூடியைப் போடுங்கோ!” வீட்டு வாசல் படலையிலிருந்து மகள் ஓடி வந்தாள். பின்னால் அந்த வீட்டு அம்மா, கையில் அரைப் போத்தலோடு.

மூடினேன்.

“ஏன் திறந்தனீங்கள்?”

“மண்ணெண்ணெய் மணந்தது, பிள்ளை. சும்மா கிடக்குதெண்டு நினைச்சன்.”

“சும்மா கிடக்கேல்லை. காவல் நிக்குது. ஈரக் காத்துப் படாமல் அதைத்தான் மேலை விட்டு வைச்சிருக்கிறம்.”

போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டிகளின் தலை வெளியே தெரிந்தது. என் மூக்கு நுனியில் முதல் மழைத்துளி விழுந்தது.

“உதென்ன மோனை, ஊறுகாயோ?” என்று அந்த அம்மா கேட்டார்.

“என்ரை பட்டம், மாமி” என்றாள் மகள். முகத்தில் சிரிப்பில்லை.

அந்த அம்மா கொண்டு வந்தது வீட்டு விளக்குக்கு வைத்திருந்த கடைசி மண்ணெண்ணெய். காருக்கென்று கேட்டதைத் தந்தார். மகள் அதைக் காருக்குள் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் சோடியப் போத்தலுக்குள் ஊற்றினாள். கட்டிகள் மூழ்கின. காருக்கு ஒன்றும் மிச்சமில்லை. பின்பக்கம் போய்த் தள்ளத் தொடங்கினேன்.

மழை பிடித்தது. கூரை ஒழுகியது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குடையை எடுத்து, காருக்குள்ளேயே பெட்டிக்கு மேல் விரித்து வைத்துவிட்டு ஸ்ரேறிங்கைப் பிடித்தாள்.

புத்தூருக்குக் கிட்ட ஒரு சைக்கிள்காரர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணை, குடை உள்ளை, மனிசர் வெளியிலை?”

“தண்ணி பட்டால் நெருப்பெடுக்கிற சாமான், தம்பி.”

“அப்ப ஏன் மழைக்குள்ளை கொண்டு போறியள்?”

“மழைக்கு முதல் கொண்டு போகத்தான் வெளிக்கிட்டனாங்கள்!”

சிரித்த சிரிப்பில் அவர் சைக்கிளோடு விழப் பார்த்தார். பிறகு அதை ஒரு கடை வாசலில் சாத்திவிட்டு வந்து, அச்சுவேலி வரை என்னோடு தள்ளினார். போய்ச் சேர 11.20. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்தவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டியலில் சரி போட்டார். அப்போதுதான் மகள் சிரித்தாள். பரிசோதனையைத் தை மாதம் செய்தாள்; பட்டமும் எடுத்தாள்.

தம்பி, உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். அசிட்டையும் மற்றதையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வைக்கோல், கடதாசி வேண்டாம். காய்ந்த மணல் ஒரு வாளி கைக்கெட்ட இருக்கட்டும். சோடியம் பற்றினால் தண்ணீர் ஊற்றினீர்களோ, முடிந்தது கதை. ஏற்றமுன் வாகனத்தின் கூரையையும் தாங்கியையும் பாருங்கள். விசயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவர் இறங்கிப் போனால் சாரதியையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தேடிப் பிடித்து, சைக்கிளில் சிறுப்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார் தள்ளி இரண்டு நாளாய் என் இடுப்பு நாரி நிமிராமல் கிடந்ததைச் சொல்ல ஆசையாய்ப் போயிருந்தேன். அந்த அம்மா படலையைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி:

“அந்தப் போத்தல் சுகமோ?”