பெயர் கேட்காத படிவம்

எங்கள் திண்டிவனம் கம்பெனியில் நேற்று எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்து, குறைகளை மனம்விட்டு எழுதச் சொன்னார்கள். பெயர் வேண்டாமாம்.

"சூப்பர்வைசர் பாத்ரூம் போகவே விடுவதில்லை" என்று எழுதினேன்.

இன்று காலை கெடாரில் கம்பெனி பஸ் ஏறினால், எப்போதும் காரில் வரும் எச்.ஆர். மேடம் உள்ளே உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டைத் தட்டிக் கூப்பிட்டார்.

"இந்த ஸ்டாப்புல நீங்க ஒருத்தர்தான் ஏர்றீங்களா?"

"ஆமாங்க மேடம், ரெண்டு வருஷமா நான் மட்டும்தான் ஏறிக்கினு இருக்கேன். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். பாத்ரூம்லாம் போயிட்டுதானே வந்தீங்க?" என்று சிரித்தார்.



எனக்குப் படிவத்தின் கடைசிக் கேள்வி நினைவுக்கு வந்தது: எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறீர்கள்? அதையும் பொறுப்பாக நிரப்பியிருந்தேன்.

உங்கள் கம்பெனியிலும் இப்படிக் கேட்கிறார்களா? கமெண்டில் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.