பெருங்களத்தூரில் இறங்கியவர்

கல்யாணமான புதிதிலேயே என் கணவருக்கு ரத்தமும் சளியுமாகப் போகும். பெருங்குடலில் புண் என்றார்கள். மருந்துகள் கேட்காமல், கடைசியில் பெருங்குடலை முழுதாக எடுத்தார்கள். சில மாதம் மலம் சேர வயிற்றில் பை மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிறுகுடலின் நுனியையே உள்ளே ஒரு பை போலத் தைத்து, ஆசனவாயோடு இணைத்தார்கள். "பெருங்குடலே இல்ல, இனி எங்க புண் வரும்?" என்றார் டாக்டர். இவர் நம்பினார். எனக்கு என்னவோ நம்பிக்கை வரவில்லை.

சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. அடிக்கடி போகவேண்டியிருக்கும், அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உடம்பில் நீர் தங்காததால் நோன்பு வைக்க முடியவில்லை என்பது மட்டும் அவருக்கு வருத்தம்.

காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்தில் வேலை. மாலை ரயிலில் தாம்பரம் வந்துவிடுவார். போன வருஷம் தாமதமாக வர ஆரம்பித்தார். "ட்ரெயின் லேட்" என்பார். அதே ரயிலில் வரும் பக்கத்து ஃபிளாட்காரர் எப்போதோ வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். இவர் வந்தாலும் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைப்பார். "வெளில சாப்ட்டேன்." யாரோடு? அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். பெருங்களத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவின் நம்பரே திரும்பத் திரும்ப இருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒரு மாலை சொல்லாமல் அங்கே போய் நின்றேன். வாசலில் அவருடைய செருப்பு. கதவைத் திறந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அவர் எங்கக்கா?"

பாத்ரூம் பக்கம் கை காட்டினார். "தாம்பரம் வரைக்கும் தாங்க முடியலயாம்மா. இங்க இறங்கி ஓடி வர்றான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "மறுபடியும் வயித்துல பை மாட்டிடுவாங்களோன்னு பயம்."

"வேற பொம்பளையா இருந்தா சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்," என்றேன். அக்கா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

உள்ளே தைத்த பையில் அழற்சி என்றார் டாக்டர். மாத்திரையில் அடங்கியது. மழைக்காலத்தில் திரும்ப வந்தது, அதுவும் அடங்கியது. "சிலருக்கு இப்படி வந்து வந்து போகும்மா. பயப்படாதீங்க," என்றபோது டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு ஏதாவது தெரிகிறதா என்று.

இப்போது எதையும் மறைப்பதில்லை என்கிறார் இவர். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாருக்கேன்" என்கிறார். பாதிதான் நம்புகிறேன்.