கூட வைத்த ஒன்று

என் மாமாவின் கீழுதட்டில் எப்போதும் ஓர் ஊதாக் கறை இருக்கும். நுனியை நாக்கில் தொட்டு எழுதுகிற பென்சில் அவருடையது. ஈரம் பட்டதும் அந்த எழுத்து மை போலத் தாளில் ஊறிவிடும். அழிரப்பரால் தேய்த்தால் தாள் கிழியுமே தவிர எழுத்து போகாது. பதுளைக் கடைத்தெருவில் மாதம் இரண்டு வாங்குவார். அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. வேலையாட்களின் பெயரையும் வயதையும் செக்ரோல் புத்தகத்தில் எழுதுவது அவர் பொறுப்பு.

அறுபதுகளின் நடுவில் நான் பரீட்சை தேறி ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பித்தேன். எங்கள் லயத்து வரிசை வீட்டின் பன்னிரண்டு காம்பராக்களில் அதுவரை படித்து அவ்வளவு தூரம் வந்தவன் நான் ஒருவன்தான். சனவரி முதலாந் திகதி பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தில் நான் எழுதிய பிறந்த திகதிப்படி எனக்குப் பத்தொன்பது நாள் குறைந்தது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்படி கடிதம் வந்தது.

"ஒரு வருசந்தானேடா, ஓடிப் போயிரும்" என்றார் மாமா. அந்த ஒரு வருடத்தை நான் மலையில் அட்டைக்கடியிலும் மழையிலும் கழிப்பதை அவர் விரும்பவில்லை. கொழுந்தைக் காயவைத்து அரைக்கும் ஸ்டோரில் சேர்த்துவிட நினைத்தார். இயந்திரங்கள் ஓடுகிற இடம் என்பதால் அங்கே இருபத்தொரு வயது கேட்டார்கள். அப்பா என் பிறப்பைப் பதியவே இல்லை. பிறப்புச் சான்று இல்லாதவனுக்குப் புத்தகத்தில் எழுதியதுதான் வயது.

மாமா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இருபத்தொண்ணு வேணும். கூட ஒண்ணு வச்சே போட்டுருவோம், என்னா? மொய் எழுதுனாக்கூட ஒண்ணு சேத்துத்தானே எழுதுறோம், வெறும் எண்ணுக்கு ராசி ஏது!" சிரித்துக்கொண்டே 22 என்று எழுதினார். நானும் சிரித்தேன். பக்கத்திலேயே என் நல்ல கையெழுத்தைப் போட்டேன். இதை மறைத்துவிட்டு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஸ்டோர் ஆட்கள் என்னைக் கேலி செய்து தீர்த்தார்கள். "கணக்கப்பிள்ளை மருமகனே, வீட்டுல அஞ்சு இருக்கே, அதுல எதுக்கு மாப்புள நீங்க?" மாமாவுக்கு ஐந்தும் பெண்கள்.  ஓய்வு கிடைத்தால் கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து படித்தேன். ஸ்டோருக்கு ஏறும் படிகள் நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொரு நாளும் ஏறி முடித்ததும் மிச்ச நாட்களில் ஒன்றைக் கழிப்பேன்.

அடுத்த வருடம் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பிறப்புச் சான்று அல்லது தோட்டத்து ஆபீஸ் கடிதம் கொண்டு வரவேண்டும் என்றிருந்தது. ஆபீசில் செக்ரோலைப் பார்த்து, என் வயது இருபத்துமூன்று என்று கடிதம் தட்டித் தந்தார்கள். கலாசாலையின் மேல் எல்லை இருபத்திரண்டு. முதல் வருடம் எனக்கு வயது போதவில்லை, மறு வருடம் மிஞ்சிவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று, ராசிக்கு வைத்த அந்த ஒன்று.

பள்ளிக்கூடத்துப் பதிவைக் கொண்டுபோனேன். அது செல்லாது என்றார்கள். பதுளைக்கு ஏழு தடவை பஸ் ஏறினேன். ஏழாவது தடவை பார்த்த அதிகாரி இரக்கமாகத்தான் பேசினார். வயதை எழுதியவரே அது பிழையென்று தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

அன்று மாமாவின் வாசலில் நின்று கேட்டேன்.  அவர் உள்ளே தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கள்ள வயசு போட்டேன்னு நானே எழுதிக் குடுத்தா, மறுநாளு காலையில பெரட்டுக்கு ஆளு கூடுறதுக்கு முன்னாடி வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான் தொரை. அஞ்சு பொண்ணுங்கடா. எங்க போவேன் சொல்லு."

 ஐந்துக்கு எதிரே ஒருவன். கணக்கு அவர் பக்கம்தான் சரி. சரியாக இருந்ததால்தான் மன்னிக்க முடியவில்லை. அதன்பின் அவரிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டுமே பேசினேன். ஐவரில் ஒருத்தியையும் கட்டவில்லை.

பதினான்கு வருடம் கழித்து ஐந்தாவது மகளின் கல்யாணம். அம்மாவுக்காகப் போனேன். மொய் எழுதும் மேசையில் ஐம்பது ரூபாய் வைத்தேன். மாமா பக்கத்தில் நின்றிருந்தார். "ஒண்ணு கொறையுதேடா" என்றார்.

"அதை நீங்க அப்பவே வச்சிட்டீங்க மாமா."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மாமா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "கடைசிப் பொண்ணும் கரையேறிருச்சு. இப்பப் போயி தொரைக்கிட்ட சொல்லிரட்டுமா?"

"எந்தத் தொரைக்கிட்ட? அவரு சீமைக்குப் போயி ஆறு வருசமாச்சு."

அவர் தலையாட்டினார். மேசைக்குத் திரும்பி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் குற்றியை எடுத்துத் தட்டில் போட்டார். பென்சிலை நாக்கில் தொட்டு, என் பெயருக்கு நேரே இருந்த 50-ஐ 51 ஆக்கினார். அது மன்னிப்புக் கேட்பதாக இருக்கலாம். எனக்கு அது இரண்டாவது கள்ளப் பதிவாகத்தான் தெரிந்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மறு வருடம் அவர் இறந்தார்.

ஒரு வருடத்துக்கென்று நுழைந்த ஸ்டோரில் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன். ஐம்பத்தாறு வயதில், அறுபது ஆகிவிட்டதென்று அனுப்பினார்கள். அடையாள அட்டையிலும் அந்த வயதுதான்.

போன மாதம் பிள்ளைகள் என் எண்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். எழுபத்தாறுதான் என்றேன். "அப்பாவுக்கு வயசைக் குறைக்கிற ஆசை" என்று சிரித்தார்கள். கேக்கின் மேல் 80 என்று ஊதா க்ரீமில் எழுதியிருந்தது. அந்தத் துண்டையே என் வாயில் ஊட்டினார்கள். கை கழுவப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன், கீழுதட்டில் ஊதாக் கறை. நான்கு தடவை கழுவினேன்.