கமருன்னிசா என்கிற டோ கின் ஏ

என் மதினி கமருன்னிசா பயப்படாத பொருள் இந்த ரங்கூனில் மிகக் குறைவு. இடி, கேஸ் சிலிண்டர், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போகும் படகு, எல்லாமே அவளுக்கு நெஞ்சை அடைக்கும். கல்யாண வீட்டுக்கு அண்டா அண்டாவாக டான்பவுக் தம் போட்டு இறக்குகிறவள் அவள்தான். பிரியாணியை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆனால் வாசல் கதவை யாராவது பலமாகத் தட்டினால் அதே கை கரண்டியைக் கீழே போட்டுவிடும். நான் அவளுடைய நாத்தனார் ஸமீரா. எனக்கு வாய் நீளம், பயமே கிடையாது என்று தெருவில் பேச்சு. அதில் பாதிதான் உண்மை.

மற்ற பயங்களையெல்லாம் நான் கேலி செய்வேன். ஒரு பயத்தை மட்டும் கேலி செய்ததில்லை. அது அவளுடைய அடையாள அட்டையைப் பற்றியது; அது போனால் இந்த நாட்டுக்காரி என்று காட்ட அவளிடம் வேறு தாள் இல்லை. அட்டையில் அவள் பெயர் டோ கின் ஏ, அப்பா பெயர் ஊ பா செய்ன்; டோ, ஊ இரண்டும் இங்கே மரியாதை அடைமொழி. வீட்டிலும் பள்ளிவாசலிலும் அவள் கமருன்னிசா, அப்பா முஹம்மது முஹைதீன். பொய் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் அவள் வாப்பாவை எல்லோரும் பா செய்ன் என்றுதான் கூப்பிட்டார்கள்; பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டீச்சர் அவளுக்குக் கின் ஏ என்று பெயர் வைத்தார். எங்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. வீட்டுக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்காத வரைக்கும் தொல்லை இல்லை.

மதினியின் வாப்பா அங்கேதான் சறுக்கினார். பாலத்துக்கு அக்கரையில் தாகேதாவில் வாங்கிய வீட்டை மகளுக்கு எழுதி வைத்தபோது, ஆசையாக வீட்டுப் பெயரிலேயே எழுதிவிட்டார். முஹம்மது முஹைதீன் மகள் கமருன்னிசா என்று பத்திரத்தில் இருக்கிறது.

என் அண்ணன் அஜ்மல் உயிரோடு இருந்தபோது மிங்கலா தாங்ஞுன்ட் மார்க்கெட் பக்கம் சமையற்கூடம் போட அந்தப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கினார்கள். கணக்கு கின் ஏ பெயரில், பத்திரம் கமருன்னிசா பெயரில். மேனேஜருக்கு அண்ணனைத் தெரியும். “ரெண்டும் உங்க வீட்டுக்காரம்மாதானே” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அவருக்கும் ஒரு பொட்டலம் டான்பவுக் போயிற்று.

பிறகு அந்தப் பொல்லாத வருஷம் வந்தது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் வங்கி கதவை அடைத்தது. மதினி தவணைப் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு மாசாமாசம் போய் ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதே வருஷம் கொரோனாவில் அண்ணனும் போய்விட்டார். வங்கி திறந்ததும் வளையலையெல்லாம் விற்று நின்ற தவணையை மொத்தமாகக் கட்டினாள். அத்தோடு விட்டார்களா? கட்டாத மாதங்களுக்குத் தாமதக் கட்டணம், அதைக் கட்டாததற்கு அபராதம், அபராதத்தின் மேல் சேவைக் கட்டணம் என்று கணக்கில் விழுகிற பணத்தையெல்லாம் மூன்று வருஷமாக உருவிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பணத்தில் மொத்தம் இருநூறு லட்சம் சாட்டுக்கு மேல். கதவை மூடியவன் அவன், அபராதம் இவளுக்கு! போதாததற்கு இன்னும் பாக்கி இருக்கிறது, கட்டாவிட்டால் வீட்டை எடுப்போம் என்று நோட்டீஸ் வேறு.

நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வக்கீல் உதயசூரியனிடம் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கிறார். பழைய ரயில்வேத் தமிழ்க் குடும்பத்து ஆள். எல்லாத் தாளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது அநியாயம்தாம்மா. கேஸ் போடலாம். ஆனா தொகை பெருசு. சின்ன கோர்ட்டோட வரம்பைத் தாண்டிடுச்சு. ஜில்லா கோர்ட்டுக்குத்தான் போகணும்.”

“ரெண்டு மூணு கேஸாப் பிரிச்சு சின்ன கோர்ட்டுலயே போட முடியாதா, சயா?” என்று மதினி கேட்டாள். வாத்தியார், வக்கீல், டாக்டர் யாராக இருந்தாலும் இங்கே சயாதான்.

“ஒரே கணக்கு, ஒரே கடன். பிரிக்க விடமாட்டாங்க.”

“அப்ப வரம்புக்குள்ள அடங்குற மாதிரி குறைச்சுக் கேட்டா? மிச்சத்த விட்டுடறேன். எனக்கு வேணாம்.”

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “விடுறதுன்னா, அந்தக் கட்டணமெல்லாம் நியாயம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அதே கட்டணத்தக் காட்டி நாளைக்கு வீட்டக் கேப்பான். கேட்டா முழுசாக் கேக்கணும், இல்லன்னா சும்மா இருக்கணும்.”

“ஜில்லா கோர்ட்டுல என்ன கேப்பாங்க?”

“கோர்ட் கட்டணம் ஜாஸ்தி. தோத்தா அவங்க செலவும் நம்ம தலையில. அப்புறம் அசல் அட்டையும் பத்திர நகலும் ரெண்டையும் மேஜையில வைக்கணும்.”

மதினி எழுந்தே விட்டாள். பஸ்ஸில் என் காதோடு சொன்னாள்: “ஸமீரா, அப்பன் பேரு மாறியிருக்குன்னு அட்டையப் புடுங்கிட்டா? என் அட்டைய வச்சுத்தானே உஸாமாவுக்கு அட்டை. அவன் பாஸ்போர்ட்டு என்னாகும்?”

உஸாமா அவளுடைய ஒரே மகன். மலேசியாவில் ஹோட்டல் வேலை. அன்றிரவே போனில் அவனும் அதையே சொன்னான். “விட்டுடுங்க உம்மா. காசு போனாப் போவட்டும்.”

“காசு போனாப் பரவால்ல வாப்பா. வீடு போவுதே” என்று சொல்லி மதினி அழுதாள். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. பயந்து பயந்து வாழ்ந்த பொம்பளைக்கு இருந்த ஒரே தைரியம் அந்த நாலு சுவர்தான். அதையும் வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தான் வங்கிக்காரன்.

கேஸ் போட்டோம். அவள் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அட்டையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்தாள். இரண்டு தடவை உப்பில்லாமல் டான்பவுக் அனுப்பி ஏச்சு வாங்கினாள். கேஸை வாபஸ் வாங்கலாமா என்று தினமும் கேட்டாள். நான் தினமும் சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளை நானே குழியில் தள்ளுகிறேனோ என்று நினைப்பு வரும்.

விசாரணை நாளில் வங்கியின் வக்கீல் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். கட்டணத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நேராக அங்கேதான் கை வைத்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, எங்கள் வாடிக்கையாளர் டோ கின் ஏ. பத்திரத்தில் இருப்பது கமருன்னிசா. அப்பா பெயரும் வேறு. இங்கே நிற்கும் இந்தப் பெண் யார் என்பதே எங்களுக்குச் சந்தேகம்.”

மதினியின் காதோரம் வேர்வை வழிந்தது. நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “நீங்கள் யார்? கின் ஏயா, கமருன்னிசாவா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வந்தால் வாயைத் திறக்க வேண்டாம், நான் எழுத்தில் பதில் தருகிறேன் என்று உதயசூரியன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் மதினி எழுந்துவிட்டாள். முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளால் ஒரு கல்யாண வீட்டில்கூடச் சத்தமாகப் பேச முடியாது. அன்று பர்மாப் பேச்சில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கச் சொன்னாள்.

“இரண்டும் நான்தான். என் அப்பாவுக்கும் இரண்டு பெயர். இரண்டு பெயரும் அவர்தான்.”

உதயசூரியன் கெட்டிக்காரர், கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை. “இவர் கமருன்னிசா இல்லையென்றால், வங்கி யாருடைய வீட்டுப் பத்திரத்தை இத்தனை வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறது? கடனைக் கேட்கும்போது ஒரே ஆள், கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் இரண்டு ஆளா?” என்றார்.

வங்கி வக்கீல் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

நீதிபதி உத்தரவைச் சொன்னார். வழக்கு முடிகிற வரைக்கும் வங்கி வீட்டைத் தொடக்கூடாது, புதிதாக ஒரு கட்டணமும் போடக்கூடாது. நான் மதினியின் தோளை அழுத்தினேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. “பெயர் விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். அட்டையின் அசல் குடியுரிமை அலுவலகத்துக்குப் போகட்டும். இன்றே ஒப்படையுங்கள்.”

அவள் காலமெல்லாம் எதற்கு நடுங்கினாளோ அதே அலுவலகம். எத்தனை நாளாகும் என்று உதயசூரியன் கேட்டார். சொல்ல முடியாது என்றார்கள்.

குமாஸ்தா கையை நீட்டினார். மதினி திரும்பி நின்று ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை வேர்வையில் ஈரமாக இருந்தது. அவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், மறுமுனையை அவள் விடவில்லை. “விடுங்கம்மா” என்று அவர் சிடுசிடுத்தார். எத்தனையோ நாள் சண்டை போட்ட வாய்க்கு அப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவளாகத்தான் விரலைத் தளர்த்தினாள்.

வெளியே வெயில். உதயசூரியன் பாதி ஜெயித்தாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போய் டாக்ஸி பிடித்தார். நாங்கள் தாகேதா பஸ்ஸுக்கு நின்றோம். பாலத்தில் இப்போதெல்லாம் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராக அட்டை கேட்கிறார்கள். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. மதினி என் கையைப் பிடித்தாள்.

“ஸமீரா, பாலத்துல கேட்டா நீதான் சொல்லணும், நான் யாருன்னு.”