ஒஸ்தியோபதிக் கல்லூரி பற்றி நான் எழுதிய அரைப்பக்கம்

கனடாவில், ஸ்காபரோவில் வெளிவரும் எங்கள் தமிழ் வார இதழில், விளம்பரம் தருபவர்களைப் பற்றி நாங்களே ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுப்போம். அப்படித்தான் ஒரு தனியார் ஒஸ்தியோபதிக் கல்லூரியைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். எலும்பையும் தசையையும் கையால் சீராக்கும் நான்கு வருடப் படிப்பு, முடித்தவர்கள் டொக்டர்கள் என்றேன். அமெரிக்காவில் ஒஸ்தியோபதி படித்தவர்கள் டொக்டர்கள்தான். இங்கே, அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. நான் விசாரிக்கவில்லை.

நான்கு வருடங்களுக்குப் பிறகு, படிப்பை முடித்த சுகன்யா என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தார். என் கட்டுரையை வாசித்துவிட்டு அவரை அங்கே சேர்த்தவர் அவருடைய அப்பா.

"நீங்கள் எழுதினது பிழை எண்டு தெரியுமோ அண்ணை?"

தெரியாது என்றேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இந்தக் கிழமையே திருத்தம் போடுறன் தங்கச்சி" என்றேன்.

"இப்ப வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியில. உங்கட பேப்பரை வரி விடாமல் வாசிக்கிறவர். நேர்ஸ்மாருக்கெல்லாம் என்ர மகள் டொக்டர் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறார்."

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு, இதழில் போடுவதற்கு அவருடைய அப்பாவின் மரண அறிவித்தல் வந்தது. அப்பாவே தன் கையால் எழுதி வைத்திருந்தது. 'டொக்டர் சுகன்யாவின் பாசமிகு தந்தை' என்ற வரியில் முதல் சொல்லை மகள் பேனாவால் வெட்டியிருந்தார்.

என் திருத்தமும் அதே இதழில் வந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்கும் திருத்தம் அவர் செய்ததுதான். அவர் வெட்டியது, நான் எழுதிய சொல்லை.