நிறம் மாறவில்லை

போன வாரம் ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு ‘பசுமைக் காவலர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். மேடை முழுக்க பிளாஸ்டிக் பூ. கேடயத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாள். தாளாளர் புவி சூடாவதைப் பற்றி முக்கால் மணி நேரம் உருகினார். வாசலில் அவருடைய காரில் ஏ.சி.யை அணைக்காமல் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டினேன். அந்தப் பட்டத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

பிறகு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். புது மேசைகளின் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியதும் கொரட்டூர் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்டேஷனில் இறங்கினால் ஏரிக் காற்று முகத்தில் அடிக்கும். நாலு தெரு தாண்டினால் முலாம் பூசும் பட்டறையின் புளித்த நெடி. அதற்கடுத்து எங்கள் பள்ளிக்கூடம். நான் புது அறிவியல் வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை, தலைக்கனம் மட்டும் நிரந்தரம். எங்கள் ஆய்வக மேசைகள் பட்டறை முதலாளியின் அன்பளிப்பு. ஒவ்வொன்றிலும் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த வருடம் சுற்றுச்சூழல் மன்றம் தொடங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. தொடங்கினோம். ஏரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் மூன்றையும் லிட்மஸ் தாளால் சோதித்ததாகப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். சோதித்ததாகத்தான். லிட்மஸ் தாள் அதிகாரி வந்தால் காட்டுவதற்காக பீரோவில் பூட்டியிருந்தது. நான் கரும்பலகையில் ‘நிறம் மாறவில்லை’ என்று மூன்று முறை எழுதிப்போட்டேன். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் பார்த்து எழுதியது. சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டது.

சாந்தி என்ற பெண் மட்டும் மறுநாள் ஒரு பாட்டிலில் தண்ணீரோடு வந்து நின்றாள். பட்டறைக்குப் பின்தெருவில் வீடு. அப்பா மூட்டை தூக்குபவர். தெருவுக்கே ஒரு கிணறுதான்.

“சார், எங்க கெணத்துத் தண்ணி பல்ல கூசுது. தம்பிக்கு ஒடம்பெல்லாம் சொறி. ஒரே ஒரு தாளு குடுங்க சார், நனைச்சுப் பாக்கறேன்.”

ஏதோ நல்ல மனநிலையில் இருந்திருக்கிறேன், பீரோவைத் திறந்தேன். நீலத் தாள் சிவந்தது, தண்ணீரில் அமிலம். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

“இத்த எழுதி நீங்க கையெழுத்து போட்டா நைனா முனிசிபால்டில காட்டும் சார். லாரித் தண்ணி உடுவாங்கோ.”

எழுதிக்கொண்டும் வந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. “மேசை யார் குடுத்தது, தெரியும்ல?” என்றார். என்னை மிரட்டவேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. நேராகப் போய்ச் சாந்தியிடம் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேன். “எல்லாரும் எழுதினதையே எழுதும்மா. மார்க் போயிடும்.” கிழித்தாள், எழுதினாள். சிவப்பு மையில், அடியில் ஒரு கோடும் இழுத்து, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் அப்பா பள்ளி வாசலில் நின்றார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடந்ததைச் சாந்தி வீட்டில் சொல்லவே இல்லை. சிவப்புக் கையெழுத்தைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்று அவராகவே நோட்டை எடுத்துக்கொண்டு முனிசிபாலிட்டிக்குப் போயிருக்கிறார்.

“வாத்தியாரே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துகீறாரேன்னு சிரிக்கிறானுங்கோ சார். தெருவே சேந்து குடுத்த மனுவ, உன் கையெழுத்த வெச்சுகினே மூடிட்டானுங்கோ.” அவர் குரல் உயரவே இல்லை. சொம்பை நீட்டினார். “நல்லாத்தான கீது? ஒரு வாய் குடி சார்.”

“மணி அடிச்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மணி அடிக்கவில்லை.

அந்த ஜூனில் சாந்தி பள்ளிக்கு வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு சேக்காடு பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். பட்டறை போய்விட்டது. தெரு போய்விட்டது. கிணற்றை மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நான் மட்டும் நிரந்தரமாகி, ஓய்வு பெறும்வரை அதே பாடத்தை நடத்தினேன். அவளுக்குப் பிறகு எந்தப் பிள்ளையும் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.