சாமைக் கொல்லையில் டிராயிங் சார்

இன்று ஒடுகத்தூர் பஸ்ஸில் என் பழைய டிராயிங் சாரைப் பார்த்தேன். மாட்டுக்கு நீல நிறம் அடித்ததற்காக ஸ்கேலால் என் விரல்களை வீங்க வைத்தவர்.

எண்பதுகளில், அந்த அடி ஆறுவதற்குள் ஜவ்வாது மலையில் ஓர் ஓவிய முகாம் நடந்தது. "உங்க இஷ்டத்துக்கு வரைங்க" என்றார்கள் முகாம் நடத்தியவர்கள். அவரிடம் அடி வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் பள்ளிச் சுவரில் சாமை விளைந்து நிற்கும் கொல்லையை வரைந்தோம். மாடெல்லாம் நீலம். பன்றி விரட்டும் பொம்மைக்கு நான் சாரின் மீசையை வைத்தேன். பக்கத்தில் இருந்தவள் அதற்கு அவர் கண்ணாடியையும் வரைந்து மாட்டிவிட்டாள்.

சார் வந்து பார்த்துக் கத்தினார். "இன்னா இது? யார் வேலை?"

"நாங்க எல்லாரும்தான் சார்!"

இன்று பஸ்ஸில் சார் மெதுவாகக் கேட்டார். "அந்தப் படம் இன்னும் இருக்குதாம்மா?"

"வருசா வருசம் நாங்கதான் பெயின்ட் அடிக்கிறோம் சார்."

அவருக்கு மீசை முழுக்க நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பெயின்ட்டோடு மலையேறுகிறேன். அன்னிக்கு அடி வாங்கினவங்க யார் யார் வர்றீங்க?